நோயாளி இல்லாத ஆஸ்பத்திரி

"ஆடாம நில்லுங்க. புது மீனு பயந்துரும்" என்றார் கர்ணன்.

அவர் வீட்டில் வேலை பார்த்த மாயக்காள் முந்தாநாளிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பயத்தைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மலையம்மாள் ஆடாமல் நின்றாள். தேனியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவள். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விசாரணை பார்த்தவள். உயிரோடு இருக்கிற அப்பனைச் செத்துப்போனதாகக் காட்டிய பிள்ளைகளை நிறையப் பார்த்தவள். பணக்காரன் பேசும்போது குறுக்கே பேசாமல் இருந்தால் அவனே பாதிக் கேஸை முடித்துக் கொடுத்துவிடுவான் என்பது அவள் கண்ட பாடம். உதவியாளன் அப்சலுக்கு அந்தப் பாடம் ஏறவில்லை. உத்தமபாளையத்துக்காரன், முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரியே இருக்கு முதலாளி. காபி எப்ப வரும்?" என்றான்.

கர்ணன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பத்தைத் தாண்டி மேலத்தோப்பூரில் அவரைவிடப் பெரிய ஏலக்காய் வியாபாரி கிடையாது. வண்டன்மேட்டில் எஸ்டேட் வேறு. கடலை விட்டு இவ்வளவு தள்ளி, மலை அடிவாரத்தில், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி கட்டிக் கடல் மீன் வளர்க்கிறவர் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அவர் ஒருவர்தான். அதை அவரே மூன்று தடவை சொல்லிவிட்டார்.

தொட்டியின் மேல்தண்ணீரில் ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் உள்ளங்கை அகல மீன், கண்ணை மறைத்து ஒரு கறுப்புக் கோடு. கொச்சியிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் அன்று காலைதான் வந்திறங்கியிருந்தது.

"பட்டாம்பூச்சி மீனு. பூ மாதிரி. பைத்தண்ணியோட சூடு வேற, தொட்டித்தண்ணியோட சூடு வேற. பைய மொதல்ல மெதக்க விடணும். அப்புறம் மீன வாளிக்கு மாத்தி, இந்த டியூப்புல முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணியச் சொட்டுச் சொட்டா வாளியில விடணும். மீனு கொஞ்சங் கொஞ்சமாப் பழகும். அவசரப்பட்டா உப்பு மாறுறதத் தாங்காமச் செத்துப்போகும்."

"எங்க அத்தா மருமகனக்கூட இவ்வளவு பதமா வீட்டுக்குள்ள விடல" என்றான் அப்சல்.

ஹாலின் ஓரத்தில் முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். கர்ணனின் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டி. அவளை உட்காரச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. வருசநாட்டிலிருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்து, பிறந்த வீட்டில் போட்ட நகைகளைக் கேட்டு வந்தவள் அவள். சாமி ரூம் பீரோவைத் திறந்தால் வைர அட்டிகை இல்லை, காசுமாலை இல்லை, தோளில் போடும் வங்கி இல்லை. நகைப்பெட்டி மட்டும் இருந்தது. சாமி ரூமைக் கூட்டிப் பெருக்குவது மாயக்காள் என்பதால் அவளைப் பிடித்துக் கொடுத்தாயிற்று. அவள் குடிசையைப் போலீஸ் கூரை வரைக்கும் பிரித்துப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"பொருள் கையில வராம நான் இங்கனருந்து நகர மாட்டேன்னு சொல்லிட்டேங்க" என்றாள் முத்துலட்சுமி. "வாசல்லயே உக்காந்திருக்கேன். வெளிய போற பையி, சாக்கு எதையும் திறந்து பாக்காம விடல."

"அதுக்குத்தான உங்களக் கூட்டியாந்தது" என்றார் கர்ணன், மீனை மாற்றி விட்ட வாளியை விட்டுக் கண்ணெடுக்காமல். "வேலைக்காரிதான் எடுத்தான்னு விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. இவுக சமாதானமாகி ஊரு போய்ச் சேரட்டும். வாங்கித் தின்ன கையி வேற என்ன செய்யும்?"

டியூப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மலையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையிலருந்து வர்ற மீனுக்குச் சீக்கு இருந்தா என்ன சார் செய்வீக?" என்றாள் ரொம்ப அப்பாவியாக.

கர்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண்பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கிடைத்த வாய்ப்பை அவர் எப்போதும் நழுவவிட்டதில்லை.

"அதாம்மா இதுல பெரிய வித்தை. புது மீனு எதுவா இருந்தாலும் மொதல்ல தனித் தொட்டி. குவாரன்டைன்னு பேரு. மீனுக்கு ஆஸ்பத்திரின்னு வச்சுக்கங்க. மூணு நாலு வாரம் அதுல கெடக்கணும். உடம்புக்குள்ள என்ன நோவு இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. வெள்ளைப்புள்ளி நோய் ஒண்ணு உள்ள வந்துச்சோ, பெரிய தொட்டி பூராம் சுடுகாடாயிரும். அந்த ஆஸ்பத்திரியில மணலு, கல்லு எதுவும் இருக்கக் கூடாது. வெறுங்கண்ணாடி, மீனு ஒளிய ரெண்டு பைப்புத் துண்டு. அம்புட்டுத்தான். மணலு கெடந்தா ஊத்துற மருந்துல பாதிய அதுவே குடிச்சுரும். இதெல்லாம் தெரியாத பயலுக மீனு வளக்கப் புறப்பட்டு வாரம் ஒண்ணாப் பொதைக்கிறானுக."

"உங்க ஆஸ்பத்திரியப் பாக்கலாமா சார்?"

அவர் ஒரு நொடி யோசித்தார். பெருமைதான் ஜெயித்தது.

பின்னறையில் ஒரு மூலையில், கறுப்புத் துணி போர்த்திய சின்னத் தொட்டி. கர்ணன் துணியின் ஒரு முனையை மட்டும் தூக்கிக் காட்டினார். லேசான நீல நிறத்தில் கலங்கிய தண்ணீர். அடியில் கை புதையும் கனத்துக்கு வெள்ளை மணல். மீன் எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி நத்தை மட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நோயாளி எங்க முதலாளி? டிஸ்சார்ஜா?" என்றான் அப்சல்.

"மணலுக்குள்ள பொதஞ்சு கெடக்கு. அந்தச் சாதி மீனு அப்படித்தான். தண்ணியில காப்பர் மருந்து ஊத்தியிருக்கு. வெசம். கைய கிய்ய வச்சுராதீக. போலீஸ்காரவுகளையே நான் தொட விடல."

துணியை இறக்கிவிட்டார். ஹாலுக்குத் திரும்பினார்கள். வாளியிலிருந்த பட்டாம்பூச்சி மீனை வலையில் ஏந்தி, பெரிய தொட்டிக்குள் நேராக விட்டார். அது ஒரு கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது.

"இத ஆஸ்பத்திரியில போடலையா சார்?"

"அதுலதான் ஒண்ணு கெடக்கே! ரெண்டையும் ஒண்ணாவா போடுறது? கேள்வியப் பாரு" என்றார் கர்ணன். "ரிப்போர்ட்டு எப்பக் கெடைக்கும்?"

"எழுதிரலாம் சார். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டுத் திரும்ப வர்றேன். வந்ததும் அந்தச் சின்னத் தொட்டிய மட்டும் இன்னொரு தடவை நல்லாப் பாக்கணும். மணலுக்குள்ள தூங்குற மீன நான் பாத்ததே இல்ல."

கர்ணன் சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

தெருமுனை தாண்டியதும் திராட்சைத் தோட்டம். பந்தல் நிழலில் அப்சல் தன் டி.வி.எஸ். வண்டியை நிறுத்தினான்.

"மீனுக்கு அவ்வளவு விளக்கம் சொன்ன மனுசன், மாயக்காவுக்கு ஒத்த வரியில தீர்ப்பு எழுதிட்டாரே அக்கா."

"அவரு சொன்ன விளக்கமெல்லாம் சரிதான். பிசகே இல்ல. அதுதான் வம்பு" என்றாள் மலையம்மாள். "ஆஸ்பத்திரித் தொட்டியில மணலு கெடக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"அவருதான்."

"அவரு தொட்டியில?"

"முட்ட மணலு."

"புது மீன மூணு நாலு வாரம் தனியா வைக்கணும், இல்லாட்டி எல்லாம் சுடுகாடுன்னு சொன்னவரு, வந்த மீன ஒரே மூச்சுல பெரிய தொட்டியில விட்டாரு. மனுசங்களவிட மீனப் பெருசா நினைக்கிறவன் அப்படிச் செய்வானா? அவருக்கு வேற தொட்டி இல்ல. இருந்த ஒண்ணுல வேற எதோ படுத்திருக்கு."

"சீக்கு மீனு?"

"காப்பர் மருந்துன்னா என்னலே? நம்ம மயில்துத்தந்தான். இந்தப் பந்தலுக்கெல்லாம் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறாகள்ல? எங்கப்பன் தோட்டத்துல அடிச்ச மறுநா ஒரு நத்தையக் கண்ணால பாக்க முடியாது. நத்தைக்குத் துத்தம் எமன். அங்க ஒரு நத்தை கண்ணாடியில ஜம்முன்னு ஏறிக்கிட்டிருந்துச்சு. மருந்தே ஊத்தல. துணிக்குப் போடுற சொட்டு நீலம் ரெண்டு துளி. உள்ள என்ன கெடக்குன்னு தெரியாம இருக்க. பெரிய தொட்டி மணல அவசரத்துல அள்ளிப் போட்டிருக்காரு. நத்தை கூடவே வந்தத அவரு கவனிக்கல."

அப்சல் வண்டியைத் திருப்பினான். "அப்ப இப்பவே போய் மணலக் கிளறிருவோம். வாங்க."

"கிளறக் கூடாது."

"ஏன்?"

மலையம்மாள் அவன் காதோடு ஏதோ சொன்னாள். நாலு வாக்கியம் இருக்கும். அப்சலின் முகத்திலிருந்து கேலி வடிந்து போனது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே போனான். அவள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் எழுந்திருக்கவில்லை. "நாங்க விசாரிச்சு முடிச்ச கேஸும்மா. இன்னும் ரெண்டு தட்டு தட்டுனா பொருள எடுத்துருவோம்" என்றார்.

மாயக்காள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அழுகை எதுவும் இல்லை.

"ஆத்தா, அந்தச் சின்னத் தொட்டிய நீங்க கழுவுறதுண்டா?" என்று கேட்டாள் மலையம்மாள்.

"அதுல கழுவ என்ன கெடக்கு? வெறுங் கண்ணாடியும் ரெண்டு பைப்பும். தொடச்சு வைப்பேன். அன்னைக்குக் காலையில பாத்தா மணலாக் கெடந்துச்சு. இது என்னய்யா, மணலே கூடாதும்பீகளேன்னு கேட்டேன். கேட்டு வாய மூடல, பீரோவத் திறந்து நகையக் காணோமுன்னு சத்தம் போட்டாக. ஜீப்பு வந்துருச்சு."

சண்முகராஜ் நிமிர்ந்தார். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

மாயக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அதையா கேட்டீக? எங்கன வச்சிருக்க, எங்கன வச்சிருக்கன்னு அது ஒண்ணத்தான கேட்டீக."

சண்முகராஜ் தொப்பியை எடுத்தார். நியாயத்துக்காகப் புறப்பட்டாரா, கம்பத்துப் பத்திரிகைக்காரர்களை நினைத்துப் புறப்பட்டாரா என்று மலையம்மாள் ஆராயவில்லை. புறப்பட்டது போதும்.

கர்ணன் வாசலிலேயே வரவேற்றார். சட்டை மாற்றியிருந்தார். முகத்தில் ஒரு புதுத் தெளிவு.

"சின்னத் தொட்டிதான? தாராளமாப் பாருங்க."

கறுப்புத் துணியை அவரே உருவி எறிந்தார். சண்முகராஜ் முழுக்கையை மடித்துவிட்டு மணலுக்குள் கையை விட்டார். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் துழாவினார். நீலத்தண்ணீர் தரையெல்லாம் வழிந்தது. மணலை அள்ளி அள்ளி வாளியில் கொட்டினார். அடிக்கண்ணாடி தெரிந்தது. பைப்புத் துண்டு இரண்டு வந்தன.

நகை இல்லை.

சண்முகராஜ் ஈரக் கையை உதறினார். பிறகு கர்ணன் சிரித்தார். இந்தத் தடவை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

"சீக்கு மீனு செத்துப்போச்சு, தூக்கிப் போட்டேன். அதத் தேடி எஸ்.ஐ.யவே கூட்டியாந்துட்டாக! எஸ்.ஐ. சார், இந்தம்மா பேச்சக் கேட்டு என் வீட்டுக்குள்ள வந்து மணலு அள்ளுறீகளே, உங்க பெரிய ஆபீசருக்கு நான் போன் போட்டா என்ன ஆகும்? பொம்பள துப்பறியுதாம். இங்கன ஏலக்கா பொறுக்க நாலு பொம்பள தேவைப்படுது. வாரீகளா?"

சண்முகராஜின் முகம் கறுத்தது. அவர் மலையம்மாளைப் பார்த்த பார்வையில் இரண்டு தட்டு தட்டும் ஆசை தெரிந்தது. முத்துலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

மலையம்மாளின் கைப்பையில் செல்போன் ஒரே ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. மிஸ்டு கால்.

"நகை அங்க இருக்காதுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள் அவள்.

"என்னது?"

"மணலுக்குள்ளருந்து நாம எடுத்திருந்தா இவரு என்ன சொல்லியிருப்பாரு? அந்தத் தொட்டியத் தொடைக்கிறது மாயக்கா. அவதான் பொதச்சு வச்சான்னு சொல்லியிருப்பாரு. நீங்களும் எழுதியிருப்பீக. அந்தம்மா ஜெயிலுக்குப் போயிருக்கும். பொதச்ச கையே அத வெளிய எடுக்கணும். அதுக்குத்தான், திரும்ப வந்து அந்தத் தொட்டிய நல்லாப் பாக்கணும்னு இவரு காதுபடச் சொல்லிட்டுப் போனேன்."

கர்ணனின் சிரிப்பு வாயிலேயே நின்றது.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். டிரைவர் அம்மாவாசி பதறிக்கொண்டு இறங்கினார். கையில், காலையில் மீன் வந்த அதே தெர்மாகோல் பெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி. பின்னால் அப்சல் வண்டியை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"அய்யா, பெட்டி மாறிப்போச்சாமுல்ல?" என்றார் அம்மாவாசி. "உள்ள கெடக்குறது உசுரு மீனு, செத்தா நீதான் பொறுப்புன்னு இந்தத் தம்பி அடிவாரத்துல மறிச்சுச் சொல்லுச்சு. நீங்க செத்த மீனுன்னுல்ல குடுத்தீக? எஸ்டேட்டு மேனேஜர்கிட்ட மட்டும் குடு, அவரு பொதச்சுக்கிருவாரு, திறக்காத, நோவு ஒட்டிக்கிரும்னு சொன்னீகளே?"

"இத நான் பாத்தேன்" என்றாள் முத்துலட்சுமி மெதுவாக. "சீக்குல செத்த மீனு, மூடிய எடுத்தா நாத்தம் தாங்காதுன்னு சொன்னாக. இது ஒண்ணத்தான் திறக்காம விட்டேன்."

"இப்பத் திறங்க" என்றாள் மலையம்மாள்.

முத்துலட்சுமி டேப்பைக் கிழித்தாள். ஐஸ் இல்லை, மீன் இல்லை. ஒரு பாலிதீன் பை. அதற்குள் வைர அட்டிகை, காசுமாலை, வங்கி. காசுகளின் இடுக்கிலெல்லாம் ஈர வெள்ளை மணல் ஒட்டியிருந்தது.

"மீனு நல்ல சாதி மீனா இருக்கு" என்றான் அப்சல்.

"ஏலே அம்மாவாசி! நீதானடா நடுவுல வச்ச?" கர்ணன் பாய்ந்தார். சண்முகராஜ் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். முந்தாநாள் மாயக்காளைப் பிடித்த கைதான். இப்போது கொஞ்சம் மரியாதையாகப் பிடித்தது.

"டிரைவருக்கு உங்க தொட்டி மணலு எங்க சார் கெடைச்சது?" என்றாள் மலையம்மாள். "ஒட்டின டேப்ப இந்தம்மா இப்பத்தான் உங்க கண்ணு முன்னாடி கிழிச்சாக."

கர்ணன் சோபாவில் உட்கார்ந்தார். அழுவாரோ என்று தோன்றியது. ஆனால் அவர் அழவில்லை, விளக்கம் சொன்னார். அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "வீட்டுக்குள்ள வந்த பொருளு வீட்ட விட்டுப் போகலாமா? நான் விக்கவா போறேன்? குடும்பத்துச் சொத்து செதறக் கூடாதுன்னுதான்…"

"எங்க அப்பன் போட்டது மச்சான்" என்றாள் முத்துலட்சுமி. மலையம்மாளிடம் திரும்பினாள். "உங்கள எதுக்குக் கூப்பிட்டாக தெரியுமா? போன்ல யாருகிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாக, என் காதுல விழுந்துச்சு. ஒரு பொம்பள, கூட ஒரு கோமாளி, எதையும் கண்டுபிடிக்க மாட்டாக, சொன்னத எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாகன்னு."

அப்சல் முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டான். "அதுல கோமாளி யாருக்கா?"

ஸ்டேஷனில் மாயக்காள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கர்ணனை உள்ளே கொண்டு போனதை அவள் பார்த்தாள். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"நீ வீட்டுக்குப் போம்மா. உன் மேல ஒண்ணுமில்ல" என்றார் சண்முகராஜ், எங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் எழுந்திருக்கவில்லை.

முத்துலட்சுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "மாயக்கா, மனசுல வச்சுக்காதீங்க. இந்தாங்க, இதப் போட்டுக்கங்க." கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றினாள்.

"உள்ள வையி தாயி. அன்னைக்கு உன் மச்சான் சொன்னவுடனே என் மடியத் தடவிப் பாத்தது எந்தக் கையி?" என்றாள் மாயக்காள். சத்தம் உயரவில்லை. "அந்தக் கையால எனக்கு எதுவும் வேணாம்."

முத்துலட்சுமி கையை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிம்மா, நேரமாகுது" என்றார் சண்முகராஜ்.

"எந்திரிக்கிறேன். என்னையக் கூட்டியாந்தப்ப நடத்தியா கூட்டியாந்தீக? மேலத்தெரு, கடைத்தெரு, பள்ளிக்கூடம், எல்லாம் வேடிக்கை பாக்க ஜீப்புலதான ஏத்தியாந்தீக? என் மகளக் கட்டிக்குடுத்த வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தித் தண்ணி கேட்டுக் குடிச்சாரு உங்க ஏட்டு. இப்ப நான் மட்டும் முக்காடு போட்டுக்கிட்டு ஓரமா நடந்து போகணுமாக்கும்? அதே ஜீப்ப எடுங்க. அதே தெரு வழியாக் கொண்டுபோய் விடுங்க. என் சம்பந்தி வீட்டு வாசல்ல நிறுத்தி, இவ திருடலன்னு உங்க வாயால சொல்லுங்க. இல்லாட்டி நான் இங்கனதான்."

சண்முகராஜ் மலையம்மாளைப் பார்த்தார். மலையம்மாள் உதவிக்கு வரவில்லை. வெளியே ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. கம்பத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரரும் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுய்யா" என்றார் சண்முகராஜ் டிரைவரிடம்.

அவர் முன் சீட்டுக் கதவைத் திறக்கப் போனார். அதற்குள் மாயக்காள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வீங்கின கன்னம் தெருப்பக்கம் தெரிய, தலைமுடியை அள்ளி முடிந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் பின்னால் போய் ஏறினார்.

"மெதுவாப் போப்பா" என்றாள் மாயக்காள் டிரைவரிடம். "எல்லாரும் பாக்கட்டும்."